அடிமாட்டு விலையை ஏற்றுவோம்

எதையாவது அநியாய மலிவுக்குத் தட்டிக்கொண்டு போனால், 'அடிமாட்டு விலைக்கு வாங்கிட்டான்' என்கிறோம். மாடு வளர்த்தவரின் கையறு நிலைதான் அந்த விலை. அதை இறக்குவது யார், ஏற்றுவது யார்? மாட்டுக்கறி அரசியலின் மையக் கேள்வி இதுதான் என்கிறேன் நான்.

2017 ஜனவரியில் மெரினாவே 'நாட்டு மாட்டைக் காப்போம்' என்று முழங்கியது. அதன்பின் நாட்டு மாட்டுப் பாலும் நெய்யும் நகரத்து அங்காடிகளில் கொள்ளை விலைக்கு விற்கின்றன. ஆனால் காங்கேயமோ பர்கூரோ புலிக்குளமோ உம்பளச்சேரியோ பாலுக்குப் பேர்போனவை அல்ல; உழவுக்கும் வண்டிக்கும் எருவுக்கும் வளர்ந்தவை. உழவை டிராக்டர் எடுத்துக்கொண்டது. 2012க்கும் 2019க்கும் இடையில் இந்தியாவில் ஆண் மாடுகளின் எண்ணிக்கை சுமார் 30 விழுக்காடு குறைந்ததாகக் கால்நடைக் கணக்கெடுப்பு சொல்கிறது. புலிக்குளம் மந்தையை அறுவடை முடிந்த வயலில் கிடை போடுபவருக்கு எருவுக்கான கூலி கிடைக்கும். அதற்கு மேல் கையில் காசு வேண்டுமென்றால் காளைக் கன்றையும் கிழட்டு மாட்டையும் விற்கத்தான் வேண்டும். அந்தக் காசில்தான் அடுத்த கன்று வளரும். வாங்க ஆள் இல்லையென்றால் அவர் மந்தையையே கலைப்பார். நாட்டு மாட்டைக் காப்பது கோமாதா பூசை அல்ல, கறிக்கடைக்காரரின் கல்லாப்பெட்டி!

விலையை இறக்குபவர்கள் யார்? 2017 மே 23 அன்று, சந்தையில் மாட்டை இறைச்சிக்காக விற்கக் கூடாது என்று ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது. ஒரே வாரத்தில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் லாரியை மறிக்கும் கும்பலுக்குத் தடை ஏது? வழியில் அடி விழலாம், வண்டி பறிபோகலாம் என்று அஞ்சும் வியாபாரி, அந்த அபாயத்தையும் மாட்டு விலையில்தான் கழிப்பார். 'பசுப் பாதுகாவலர்' நீட்டும் தடியின் செலவை ஏழைச் சம்சாரி தன் பையிலிருந்து கட்டுகிறார்.

இதில் சாதி ஒளிந்துகொள்ளவில்லை; நடுத்தெருவில் நிற்கிறது. மாட்டை விற்ற காசு தீட்டில்லை, கறி மட்டும் தீட்டு! 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றது மாவட்ட நிர்வாகம். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் பக்கத்து நாற்காலிகள் காலியாகும். தீண்டாமையின் வேரை மாட்டுக்கறியோடு இணைத்து அண்ணல் அம்பேத்கர் 1948லேயே எழுதினார். தின்பதால் மட்டும் சாதி ஒழிந்துவிடாது, உண்மைதான். ஆனால் ஒளித்துத் தின்னும்வரை விலையும் ஒளிந்தேதான் இருக்கும்.

இளம் தோழர்களே, மாட்டுக்கறி விருந்துப் படங்களை நீங்கள் பகிர்கிறீர்கள், மகிழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை வாங்குவது என்ன? பிராய்லர்தானே? குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை. வளர்ப்பவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி மட்டும். சொந்தக் கொட்டகையிலேயே அவர் கூலியாள். 'புல் தின்ற மாட்டின் கறி' என்று மேல்நாட்டில் தனி விலைக்கு விற்கிறார்கள். நம்மூர்ச் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் மேய்ச்சலிலும் வைக்கோலிலும் வளர்ந்தவைதான். அந்தக் கறி தெருமுனைக் கடையில் தொங்குகிறது. இதை ஆர்கானிக் முத்திரை குத்தி, தலித்தையும் இசுலாமியரையும் கடையிலிருந்து விரட்டிவிட்டு, கண்ணாடிப் பெட்டியில் விற்கும் வேலை நமக்கு வேண்டாம்.

செய்ய வேண்டியவை எளியவை. கறுப்புப் பை இல்லாமல் வாங்குங்கள். எந்த ஊர் மாடு, யார் மந்தை என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மேய்ச்சல் மாடு என்றால் பத்து ரூபாய் கூடக் கொடுங்கள். எங்கள் சேரியில் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு மாடு எடுத்துக் கூறு போடுவார்கள். அந்த வழக்கத்தை நகரத்துக்குக் கொண்டுவாருங்கள். மேய்ப்பவரிடம் நேரே விலை பேசுங்கள். கல்லூரி விடுதியிலும் அலுவலக உணவகத்திலும் மாட்டுக்கறி கேளுங்கள்.

வாங்குவது மட்டும் போதாது. ஊருக்கு ஊர் சுத்தமான அறுவைக்கூடம் வேண்டும். ஆக்கிரமித்த மேய்ச்சல் புறம்போக்கை மீட்க வேண்டும். நிலமற்றவரின் மாடு வேறெங்கே மேயும்? லாரியை மறிப்பவன் மீது வழக்குப் பாய வேண்டும்.

அடிமாட்டு விலை ஏறினால் மேய்ப்பவர் நிமிர்வார், கடைக்காரர் நிமிர்வார். வாங்குகிற நாமும் தலைநிமிர்ந்தே வாங்குவோம்!