நம்ம ஊர்ல ஓட்டினவன் எங்கேயும் ஓட்டுவானாம்!

"மெட்ராஸ்ல வண்டி ஓட்டினவன் உலகத்துல எங்க வேணாலும் ஓட்டுவான்." இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போய்விட்டது. கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், விமான நிலையத்தில் வழியனுப்பும்போது கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். வெளிநாடு போய் வாடகைக் கார் எடுப்பவனுக்கு இதைவிட ஆபத்தான உபதேசம் வேறு கிடையாது என்பேன் நான்.

போக்குவரத்துக் கழகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஸ்டியரிங் பிடிப்பவர்களோடுதான் என் காலம் போனது. நம் ஓட்டுநர்களின் திறமையைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. மாடு, ஷேர் ஆட்டோ, எதிர்த்திசையில் வரும் பைக், நடுரோட்டில் நின்று செல்போன் பேசும் ஆசாமி என்று இத்தனைக்கும் நடுவே ஒரு கீறல் படாமல் வண்டியைக் கொண்டுவருவது வித்தைதான். ஆனால் அந்த வித்தைக்கு அடிப்படை என்ன? எதிரே வருகிறவன் விதியை மதிக்க மாட்டான் என்கிற நம்பிக்கை! அதனால்தான் ஊருக்குள் எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டும் ஊர்ந்து போகிறோம். அப்படிப் போயும் 2022-ஆம் வருஷத்தில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இந்த லட்சணத்தில் உலகத்துக்கே ஓட்டிக் காட்டப் போகிறோமாம்.

நான் நன்றாகப் பார்த்த வெளிநாடு நியூசிலாந்து. மகள் கிரைஸ்ட்சர்ச்சில் இருக்கிறாள், இரண்டு தடவை போய் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறேன். அங்கே சுற்றுலா வரும் நம்மவர்களுக்கு ஒரு தனித் தைரியம் உண்டு. "அங்கேயும் இடது பக்கம்தான், ஸ்டியரிங் வலது பக்கம்தான், அப்படியே நம்ம ஊர்!" அமெரிக்கா போனாலாவது பக்கம் மாறுகிறதே என்று நாலு நாள் பயந்து ஓட்டுவான். இங்கே அந்தப் பயமும் இல்லை.

பக்கம் ஒன்றுதான். மற்றதெல்லாம் வேறு. வெளிநாடு என்றாலே ஆறு வழிச்சாலை என்று நினைத்துக்கொண்டு போகிறோம். அங்கே நகரத்தைத் தாண்டினால் நெடுஞ்சாலை என்பது பெரும்பாலும் இந்தப் பக்கம் ஒரு தடம், அந்தப் பக்கம் ஒரு தடம், நடுவே வெறும் பெயின்ட் கோடு. வேக வரம்பு மணிக்கு 100 கி.மீ. எதிரே வருகிறவனும் நூறில் வருகிறான். நீ உன் கோட்டுக்குள் இருப்பாய் என்று முழுசாக நம்பி வருகிறான். உன் பக்கத்தில் மஞ்சள் கோடு தொடர்ச்சியாகப் போட்டிருந்தால் முந்தக் கூடாது. வளைவுக்கு முன்னால் மஞ்சள் பலகையில் 35 என்று எழுதியிருந்தால் அலங்காரத்துக்கு எழுதவில்லை. நம் ஆள் இந்தக் கோடுகளையெல்லாம் கோலம் மாதிரி பார்த்துப் பழகியவன்.

ஒற்றைத் தடப் பாலங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தெற்குத் தீவின் மேற்குக் கரைப் பக்கம் நெடுஞ்சாலையிலேயே இவை ஏராளம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். யார் நிற்க வேண்டும் என்பதைப் பலகை சொல்லிவிடும். சிவப்பு வட்டத்துக்குள் உன் திசைக்கு சின்ன சிவப்பு அம்பு இருந்தால் நீ நிற்க வேண்டும். நீலப் பலகையில் உன் திசைக்குப் பெரிய வெள்ளை அம்பு இருந்தால் முதல் உரிமை உனக்கு. அவ்வளவுதான். நம் ஊரில் இதற்கு என்ன விதி? யார் வண்டி பெரிசு என்பதுதான் விதி. பஸ் வந்தால் கார் ஒதுங்கும், கார் வந்தால் பைக் ஒதுங்கும். இரண்டும் ஒரே அளவென்றால் முதலில் லைட்டை அடித்தவன் போவான். நம் ஊரில் லைட் அடித்தால் "நான் வர்றேன், நில்லு" என்று அர்த்தம். அங்கே பாலத்தின் எதிர்க்கரையில் நிற்பவன் லைட் அடித்தால் பெரும்பாலும் "நீங்க வாங்க" என்று அர்த்தம். ஒரே சைகைக்கு நேர் எதிரான இரண்டு அர்த்தம்! கீழே ஆறு ஓடுகிறது.

போன ஜனவரியில் என் தம்பி குடும்பம் வந்தது. தம்பி, அவன் மனைவி, மகன், மருமகள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்து பத்து மணி நேரம் பறந்து காலை பத்தரைக்கு கிரைஸ்ட்சர்ச்சில் இறங்கினார்கள். ஜனவரியில் நம் நேரத்துக்கும் அங்கத்திய நேரத்துக்கும் ஏழரை மணி வித்தியாசம். (ஏழரை என்ற எண்ணுக்கும் நமக்கும் எங்கே போனாலும் ஆகாது போலிருக்கிறது.) அதாவது பையனின் உடம்புக்கு அப்போது விடியற்காலை மூன்று மணி. அவன் நேரே கவுன்டருக்குப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே குயின்ஸ்டவுன் போகப் போவதாகச் சொன்னான். சுமார் 480 கி.மீ.!

"இன்னிக்கு ராத்திரி அக்கா வீட்டுல தூங்குப்பா, காலைல கிளம்பலாம்" என்றேன்.

"ரூம் புக் பண்ணியாச்சு பெரியப்பா. சும்மா பயப்படாதீங்க."

தம்பி பக்கத்தில் நின்று, "அண்ணே, இவன் ராத்திரியோட ராத்திரியா கன்னியாகுமரி வரைக்கும் ஓட்டினவன்" என்றான். நானும் வருவதாக இருந்த பயணம் அது. ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். எங்கள் டிப்போவில் இரவுப் பணி முடித்து வந்தவரை உடனே அடுத்த வண்டியில் ஏற்றினால் சங்கம் விடாது. சொந்த மகன் விஷயத்தில் மட்டும் நமக்கு அந்தச் சங்கம் இல்லாமல் போய்விடுகிறது.

லிண்டிஸ் கணவாய்ப் பக்கம் போகும்போது பையன் கண்ணயர்ந்திருக்கிறான். இடது சக்கரம் ஜல்லியில் இறங்கிய சத்தத்தில் மருமகள் கத்தி, வண்டி திரும்பியிருக்கிறது. மூன்றாம் நாள் ஹாஸ்ட் போகும் வழியில் ஒரு பாலம். சிவப்பு வட்டப் பலகை இவர்கள் பக்கம். பையன் லைட்டை அடித்துக்கொண்டே ஏறிவிட்டான். எதிரே ஒரு டிரக் பாதிப் பாலத்துக்கு வந்து டயர் தேயப் பிரேக் போட்டு நின்றது. டிரக் ஓட்டுநர் இறங்கி வந்து ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லையாம். பலகையைக் கை காட்டிவிட்டு, பின்னால் போகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் ஏறிக்கொண்டாராம். தம்பி மனைவிதான் அன்று இரவு போனில் சொன்னாள். பேச ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள். தம்பி போனையே வாங்கவில்லை.

"இன்டர்நேஷனல் லைசென்ஸ் இருக்கே" என்பார்கள். அது என்ன என்று தெரியுமா? ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பணம் கட்டினால் கிடைக்கும் ஒரு சின்னப் புத்தகம், ஒரு வருஷம் செல்லும். நம் லைசென்ஸில் உள்ளதைப் பல மொழிகளில் சொல்லும் மொழிபெயர்ப்பு, அவ்வளவே. அதற்காக யாரும் ஒரு வளைவில்கூட உங்களை ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. வாடகைக் கம்பெனிக்காரனும் கேட்பதில்லை. கிரெடிட் கார்டை இரண்டு தடவை பார்த்தான், பையனின் சிவந்த கண்ணை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் விதிகள் அச்சடித்த ஒரு அட்டையை மாட்டிவிட்டால் அவன் கடமை முடிந்தது.

உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கே நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை அந்த நாட்டுக்காரர்களே செய்பவைதான். சில வருஷங்களுக்கு முன் சுற்றுலாக்காரர்களின் கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போகும் வழக்கம்கூடச் சில இடங்களில் கிளம்பியது. அது அடாவடி, எனக்குச் சம்மதமில்லை. ஆனால் குயின்ஸ்டவுன், மில்ஃபோர்டு மாதிரி சுற்றுலாப் பகுதிகளில் வெளிநாட்டு ஓட்டுநர்களின் பங்கு கூடுதல் என்பதும் நிஜம். டெகாபோ ஏரிப் பக்கம் லூபின் பூக்கும் நாளில் போய்ப் பாருங்கள், பூவைப் பார்த்ததும் நூறில் போகும் சாலையில் காரை நிறுத்திவிட்டு செல்ஃபிக்கு இறங்குகிறவர்களை.

இதைப் படிக்கும் பெரியவர்களிடம்தான் எனக்குக் கோபம். ஆமாம், நம்மிடம்தான். பையன் சம்பாதிக்கிறான், டிக்கெட் எடுத்துக் கூட்டிப் போகிறான், அவனிடம் போய் "தூங்கிட்டு ஓட்டு" என்று எப்படிச் சொல்வது என்று பின் சீட்டில் வாயை மூடிக்கொண்டு, பெல்ட்டும் போடாமல், விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவனை ஐந்து வயதில் கையைப் பிடித்து ரோடு தாண்ட வைத்தது யார்? இறங்கிய அன்று சாவியைத் தொடாதே என்று சொல்லுங்கள். மறுநாள் ஊருக்குள் ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகட்டும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கேட்கவில்லையென்றால் ஏறாதீர்கள். மனஸ்தாபம் வந்தால் பொங்கலுக்குள் சரியாகிவிடும்.

மில்ஃபோர்டு சவுண்டுக்கு அவர்கள் காரில் போகவில்லை. தம்பி மனைவி பிடிவாதம் பிடித்து, குயின்ஸ்டவுனிலிருந்து பஸ்ஸில் போனார்கள். போக மட்டும் 288 கி.மீ., வழியில் 1954-இல் திறந்த ஹோமர் சுரங்கம், பாறையைக் குடைந்து 1.2 கி.மீ. நீளத்துக்குச் சரிவாக இறங்குகிறது. மேலே கண்ணாடிக் கூரை போட்ட பஸ்ஸாம். பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையிலிருந்து விழும் அருவிகளை எண்ணிக்கொண்டு வந்தானாம். முப்பதுக்கு மேல் எண்ணிவிட்டுத் தூங்கிப்போனான் என்று மருமகள் சொன்னாள்.