ஏழு பேர்ச்சஸோடு முடிகிற காரியமல்ல



எங்கள் பிரதேசத்தின் காணிப் பயன்பாட்டுத் திட்டத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள். பழைய வரைபடத்தை வாங்கிப் பார்த்தோம். நகரத்தில் பஸ் நிலையம், சந்தை எல்லாம் இருக்கின்றன. தோட்டங்கள் உள்ள இடம் முழுவதும் ஒரே பச்சை; 'தேயிலை' என்று ஒரே சொல். லயம் இல்லை, பிள்ளைக் காம்பரா இல்லை, கோயில் இல்லை, நம் பெரியவர்களைப் புதைத்த இடமும் இல்லை.

இது வரைந்தவரின் கவனக்குறைவு மட்டுமல்ல. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்குப் போட்டோம், பாதை வரவில்லை. 2018 இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. வரைபடம் இன்னும் பழையதுதான்.

நாமும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சம்பளத்துக்காக வீதியில் இறங்கிய அளவுக்குக் காணிக்காக நாம் இறங்கவில்லை. ஏழு பேர்ச்சஸ் கிடைத்தால் போதும் என்று இருந்துவிட்டோம். ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச்சஸ். பாதைக்குக்கூட இடம் விடாமல் பிரித்தால் 22 குடும்பங்களுக்கு வரும். வீடு கட்டலாம். மாட்டுப்பட்டி எங்கே? மரக்கறிப் பாத்தி எங்கே? நாளை பிள்ளைகள் கல்யாணம் கட்டினால் அவர்களுக்கு வீடு எங்கே?

இடம் எது என்பதும் முக்கியம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அது அபாயமான இடம் என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. எழுந்து போக மாற்று இடம்தான் இருக்கவில்லை. மாற்றுக் காணியைக் குறிக்காத திட்டம் நம்மை அதே சரிவில்தான் வைத்திருக்கும்.

தேயிலை நிலத்தைத் துண்டாடினால் தொழில் அழியும் என்கிறது நிர்வாகம். தேயிலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது நம் சோறு. ஆனால் கொழுந்து எடுக்காமல் காடாகிக் கிடக்கும் மலைகளைத் தினமும் கடந்துதான் வேலைக்குப் போகிறோம். அவற்றை முதலில் கணக்கில் எடுங்கள் என்கிறோம். 1992 இல் தொடங்கிய கம்பனிகளின் 53 வருடக் குத்தகை 2045 இல் முடிகிறது. இன்று தரம் ஒன்றில் நாம் 'அ' எழுதப் பழக்கும் பிள்ளைகள் அன்று வேலை செய்யும் வயதில் இருப்பார்கள். அவர்களுக்கான இடத்தை இப்போதே குறிக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு டிவிசனிலும் தோட்டத் தலைவர், தலைவிமார் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுங்கள். லயங்கள், பீலி, நடைபாதை, மயானம், மழைக்கு வெடிப்பு விடும் இடம், கைவிடப்பட்ட மலை ஆகியவற்றை ஒரு தாளில் வரையுங்கள். பெண்கள் கட்டாயம் வர வேண்டும். எந்தப் பீலி எந்த மாதம் வற்றும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் அளந்து தருவார்கள். எல்லோரும் கையொப்பமிட்டு, ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்தில் வைத்துவிட்டு, பிரதேச சபையிலும் பிரதேச செயலகத்திலும் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

நாம் வரையாவிட்டால் இன்னொருவர் வரைவார். அதில் மறுபடியும் பச்சை மட்டுமே இருக்கும்.