பழைய இசை நூல்களும் அனுமதிச் சீட்டும்

பழைய இசை நூல்களை முதல் அச்சில் கண்டவாறே நிழற்படப் பிரதியாக மீண்டும் பிரசுரிக்க முன்வருவோர், பிரதி இருக்கும் இடந்தோறும் அனுமதிக்குக் கைகட்டி நிற்பது விசித்திரமான நிலைமையே.

சட்டத்தில் ஐயத்துக்கு இடமில்லை. ஆசிரியர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூலுக்கு, அவர் காலமான பின் 60 ஆண்டுகள் வரையே பாத்தியதை உண்டு. எட்டயபுரத்தில் 1904-இல் ஸங்கீத ஸம்பிரதாய ப்ரதர்சினியை வெளியிட்ட சுப்பராம தீக்ஷிதர் 1906-இலேயே மறைந்தார். 1917-இல் கருணாமிர்த சாகரம் தந்த ஆபிரகாம் பண்டிதர் 1919-இல் மறைந்தார். இவ்விரு நூல்களுக்கும் இன்று உடையவர் எவருமிலர். தீக்ஷிதர் நூலோ தெலுங்கு லிபியில், கமகங்களுக்கெனத் தனிக் குறிகளுடன் அச்சானது. புதிதாக எழுத்துக் கோக்கும்போது ஒரு குறி பிசகினும் ராகத்தின் சாயல் மாறிவிடும். எனவே மூல அச்சின் படமே வித்வான்களுக்கு வேண்டும்.

நம் ஜில்லாக்களின் செல்வமும் இவ்வாறே உள்ளது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் கோதாவரி பாடிய இசைத்தட்டுகள், வெளிவந்து 60 ஆண்டுகள் என்ற எல்லையை எப்போதோ கடந்தன. 1930-இல் வேதாரணிய யாத்திரைத் தொண்டர்களுக்கு நடைப்பாட்டுத் தந்த மோகனூர் ராமலிங்கம் பிள்ளை 1972-இல் காலமானார். முறைப்படி 2032 வரை நீடித்திருக்க வேண்டிய பாத்தியதையைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கி விடுவித்தது. பாரதி பாடல்களுக்கு 1949-இல் சென்னை ஸர்க்கார் காட்டிய வழி அது. அதுவரை அவருடைய பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஏ. வி. மெய்யப்ப செட்டியாரிடம் இருந்ததை நேயர்கள் அறிவர்.

பின் தடை எங்கே? காகிதத்துக்கு உடையவர், கருத்துக்கும் தாமே உடையவர் என்று எண்ணிவிடுகிறார். பெட்டியின் சாவி வேறு, பாட்டின் பாத்தியதை வேறு. வெறும் உழைப்பு மட்டுமே புதிய பதிப்புரிமையை உண்டாக்காதென்று 2007-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. பழைய பக்கத்தைப் படமெடுத்தவருக்கும் இதே நியாயம் பொருந்துமென்பது நம் அபிப்பிராயம். புதிய பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் குறிப்புகளும் அவருடையவை. அவற்றை வேண்டுவோர் அவரைக் கேட்டே தீர வேண்டும்.

தனியார் தம் வீட்டு அலமாரியைத் திறக்க மறுத்தால், அவரிடம் நயமாகக் கேட்பதன்றி வேறு வழியில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் நூலகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. சேலம், நாமக்கல் நூலக அதிகாரிகள் தம்மிடமுள்ள பழைய இசைப் பிரசுரங்களின் ஜாபிதாவை வெளியிட வேண்டும். படமெடுக்கும் செலவுக்கு மேல் ஒரு காசும் கேட்கலாகாது.