பிராட்பி மட்டுமா பருவகாலம்?

கண்டியில் றக்பிக் காலம் வந்துவிட்டால் கேள்வி ஒன்றுதான்: "பிராட்பி யாருக்கு?" (தமிழக நண்பர்களுக்கு: றக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டம்.) திரித்துவக் கல்லூரி அணி அவ்வாண்டில் வேறு யாரை வென்றது என்று கேட்பாரில்லை.

கொழும்பு றோயல் கல்லூரி அதிபராயிருந்த பிராட்பி வழங்கிய கேடயம் அது. போட்டி 1945இல் தொடங்கியது. றோயலும் திரித்துவமும் கொழும்பில் ஒருமுறை, கண்டியில் ஒருமுறை மோதும். இரண்டிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டியே கேடயம். ஆகவே இரண்டாம் ஆட்டத்தில் வென்றவர்கள் அழுதுகொண்டு வெளியேற, தோற்றவர்கள் கேடயத்தைத் தூக்குவதும் நடக்கக்கூடியதே. பதினெட்டு வயதுப் பையன்களின் பல மாத உழைப்பை இந்தக் கூட்டல் கணக்கைக் கொண்டா எடைபோடுவது?

பத்திரிகைக்காரன் என்ற முறையில் நானும் குற்றவாளியே. பிராட்பிக்குக் கொட்டை எழுத்தில் தலைப்பிட்ட நாங்கள், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியுடனான ஆட்டத்தை நான்கு வரியில் முடித்திருக்கிறோம். இத்தனைக்கும் இலங்கைப் பாடசாலைகளில் றக்பியை 1891இல் தொடங்கிவைத்தவர், கண்டியில் இன்று கிங்ஸ்வூட் எனப்படும் கல்லூரியை நிறுவிய பிளேஸ். முதலாவது பாடசாலை ஆட்டமும் 1906இல் கிங்ஸ்வூட்டுக்கும் திரித்துவத்துக்கும் இடையே, போகம்பரையில் நடந்ததுதான்.

இனி யாரேனும் "பிராட்பி யாருக்கு?" என்றால், "அந்தோனியாரோடு எப்படி ஆடினார்கள்?" என்று திருப்பிக் கேட்கப்போகிறேன்.