வாயுத் தொல்லை இல்லீங்க, குடல் அடைப்பு!

"ஆபரேஷன் முடிஞ்சாச்சு, இனி தொல்லையே இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சிலருக்குத் தொல்லை ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான்!

வயிற்றைத் திறந்து தைத்தால், உள்ளே புண் ஆறும்போது நார்போலத் தழும்பு வளர்ந்து குடலை அங்கங்கே ஒட்டவைக்கும். ஒட்டிய இடத்தில் குடல் மடங்கினால் அடைப்பு. வயிறு உப்பும், சுருட்டிச் சுருட்டி வலிக்கும், வாந்தி வரும், காற்றுகூடப் பிரியாது. மூக்கில் குழாய், கையில் டிரிப்ஸ், வாய்க்குத் தண்ணீர்கூடக் கிடையாது. தேறி வீட்டுக்குப் போனால் சில மாதத்திலோ சில வருடத்திலோ மறுபடியும் அதே கதை. ஒட்டலை வெட்டி எடுக்கலாமே? எடுக்கலாம். அந்த ஆபரேஷனே புது ஒட்டலை உண்டாக்கும்!

இது அபூர்வமா? 1999-ல் லான்செட் இதழில் வந்த ஸ்காட்லாந்து ஆய்வைப் பாருங்கள். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் மூன்றில் ஒருவர், ஒட்டல் தொடர்பான அல்லது ஒட்டலால் சிக்கலாகக்கூடிய காரணங்களுக்காகப் பத்தாண்டுகளில் சராசரியாக இரண்டு முறை மருத்துவமனைக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

பிறகு ஏன் கையெழுத்து வாங்கும்போது பலரிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை? ஒட்டல் ஸ்கேனில் பெரும்பாலும் நேரடியாகத் தெரியாது. உடனே "கேஸ் டிரபிள்", "டென்ஷன்" என்று முத்திரை. சோடா குடித்துக் காத்திருக்கும் நேரத்தில் ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகிப்போகலாம், உயிரே போகலாம்.

ஆபரேஷனே வேண்டாம் என்பதல்ல வாதம். "வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாவிட்டால் உடனே வாருங்கள்" என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி. அதை எழுத எந்த மெஷினும் வேண்டாம், ஒரு பேனா போதும்.