முதல்ல வந்தவனுக்கே முதல் சீட்டா?

போன வாரம் கேண்டீன்ல ஒரு சண்டை. விமானக் கம்பெனிகள் இணையறதைப் பத்தி பேச்சு வந்தது. "ரெண்டு கம்பெனி விமானிகளையும் ஒரே லிஸ்ட்ல போடணும், அவ்வளவுதானே? யார் முதல்ல வேலைக்குச் சேர்ந்தானோ அவன் சீனியர். இதுக்கு எதுக்குடா கோர்ட்டு, கேஸு?"ன்னு நண்பன் ஒருத்தன் ரொம்ப ஈஸியா சொல்லிட்டு டீயைக் குடிச்சான். சுத்தி இருந்த நாலு பேரும் தலையாட்டினாங்க. எனக்கு மட்டும் பத்திக்கிட்டு வந்தது. அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்லிடறேன்.

கேக்க நியாயமாத்தான் இருக்கும். ரேஷன் கடை கியூல முன்னாடி நின்னவருக்குத்தான் முதல்ல சர்க்கரை. ஆனா ரெண்டு வேற வேற கடை கியூவை ஒண்ணாக்கினா? ஒரு கடையில சரக்கு இருக்கு, இன்னொரு கடையில ஷட்டர் பாதி இறங்கிடுச்சு. இப்போ யார் முன்னாடி?

அமெரிக்க விமானிக்கு சீனியாரிட்டி நம்பர்தான் வாழ்க்கை. எப்போ கேப்டன் ஆகலாம், எந்த விமானம் ஓட்டலாம், எந்த ஊர்ல இருந்து கிளம்பலாம், கிறிஸ்துமஸுக்கு வீட்ல இருக்கலாமான்னு எல்லாத்தையும் அதுதான் தீர்மானிக்குது. ஆட்குறைப்பு வந்தா பட்டியலோட வால்ல இருந்துதான் வெட்டுவாங்க. முக்கியமான விஷயம், இந்த நம்பரை வேற கம்பெனிக்குக் கொண்டு போக முடியாது. இருபது வருஷ அனுபவசாலியும் கம்பெனி மாறினா கடைசி ஆள்தான். அதாவது இது ஒரு சொத்து. ஆனா எந்த பேலன்ஸ் ஷீட்லயும் வராத சொத்து.

இப்போ கதைக்கு வருவோம். 2005 செப்டம்பர்ல யூ.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைஞ்சது. யூ.எஸ். ஏர்வேஸ் பழம்பெரும் கம்பெனி, 1939 வரைக்கும் வேர் போகும். ஆனா 2002-ல ஒரு தடவை, 2004-ல இன்னொரு தடவைன்னு ரெண்டு முறை மஞ்சக் கடுதாசி கொடுத்திருந்தது. விமானிகளோட பென்ஷன் திட்டமே 2003-ல ரத்தாயிடுச்சு. ஏறக்குறைய 1,700 பேர் வேலையில்லாம வீட்ல இருந்தாங்க. அமெரிக்கா வெஸ்ட் 1983-ல பறக்க ஆரம்பிச்ச சின்னக் கம்பெனி. பெரிய பணக்காரன்னு சொல்ல முடியாது. ஆனா அதோட விமானிகள் வேலையில இருந்தாங்க. இணைஞ்ச கம்பெனிக்குப் பெயர் பழையது, நிர்வாகம் புதியது.

ரெண்டு பக்க விமானிகளுக்கும் ஆல்பாதான் சங்கம். அதோட விதி தெளிவா இருந்தது. முதல்ல பேசிப் பாருங்க, முடியலைன்னா நடுவர், அவர் சொல்றதே இறுதி. 'கிழக்கு'ன்னு அழைக்கப்பட்ட யூ.எஸ். ஏர்வேஸ் ஆட்கள் வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி வைக்கச் சொன்னாங்க. 'மேற்கு' ஆட்கள் இன்னிக்கு யார் எந்த இடத்துல இருக்காங்களோ அந்த விகிதத்துல கலக்கச் சொன்னாங்க.

2007 மே மாசம் நடுவர் ஜார்ஜ் நிக்கொலாவ் தீர்ப்பு வந்தது. நீண்ட தூர சர்வதேசப் பயணத்துக்கான பெரிய விமானங்கள் கிழக்கு கிட்டதான் இருந்தது. அதனால முதல் 517 இடமும் அவங்களுக்கு. அதுக்குக் கீழே ரெண்டு பக்கமும் விகிதப்படி கலப்பு. வேலை இல்லாம வீட்ல இருந்தவங்க கடைசியில. விளைவு, பதினாறு வருஷத்துக்கு மேல சர்வீஸ் இருந்த கிழக்கு விமானி ஒருத்தர், இணைப்புக்குக் கொஞ்ச நாள் முன்னாடி மேற்குல சேர்ந்தவருக்குக் கீழே வந்துட்டார்.

படிச்சப்போ எனக்கும் வயித்தைப் பிசைஞ்சது. சம்பளம் போச்சு, பென்ஷன் போச்சு, மிச்சம் இருந்தது வருஷக் கணக்கு மட்டும்தான். அதுவும் போச்சுன்னா அந்த ஆளுக்கு எப்படி இருக்கும்? இந்த வலியைக் கிண்டல் பண்றவங்களோட எனக்குப் பேச்சே கிடையாது.

ஆனா வலி வேற, நியாயம் வேற.

நாம கார்ப்பரேட் அக்கவுண்டிங்ல என்ன படிக்கிறோம்? ஏ லிமிடெட், பி லிமிடெட் இணையும்போது பங்குப் பரிமாற்ற விகிதத்தை எப்படிப் போடறோம்? எந்தக் கம்பெனி முதல்ல பதிவாச்சுன்னு பார்த்தா? இல்லையே! இன்னிக்கு அதோட மதிப்பு என்ன, சம்பாதிக்கிற சக்தி என்னன்னுதானே பாக்கறோம். பங்குதாரருக்கு ஒரு நியாயம், விமானிக்கு ஒரு நியாயமா? 1983-ல ஆரம்பிச்ச கம்பெனியில யாருமே அதுக்கு முன்னாடி சேர்ந்திருக்க முடியாது. அப்போ 'தேதிப்படி'ங்கறது நடுநிலையான அளவுகோலே இல்லை. பழைய கம்பெனி எப்பவும் ஜெயிக்கிற அளவுகோல். இணைப்பு நடக்கலைன்னா வீட்ல இருந்தவரோட நம்பருக்கு என்ன விலை கிடைச்சிருக்கும்னும் கேக்கணும்.

கிழக்கு கிட்ட வலுவான வாதமும் ஒண்ணு இருந்தது. "எங்க பக்கம் வயசானவங்க அதிகம். அவங்க ரிட்டயர் ஆகிற இடம் எங்களுக்கு வரவேண்டியது"ன்னு. உண்மைதான். ஆனா அதை நடுவர் முன்னாடிதான் சொல்லணும். சொல்லியாச்சு, தீர்ப்பும் வந்தாச்சு. இறுதின்னு ஒப்புக்கிட்டு உள்ளே போனவங்க தோத்ததும் என்ன செஞ்சாங்க தெரியுமா? சங்கத்தையே மாத்தினாங்க!

கிழக்குல சுமார் 5,000 பேர், மேற்குல சுமார் 1,900 பேர். 2008-ல ஓட்டெடுப்பு நடந்தது. ஆல்பா வெளியே, யூ.எஸ்.ஏ.பி.ஏ.ங்கிற புதுச் சங்கம் உள்ளே. அதோட கொள்கையே சேர்ந்த தேதிப்படி பட்டியல்தான். இதுக்குப் பேர் ஜனநாயகமா? ஏழு பேர் இருக்கிற அறையில அஞ்சு பேர் கை தூக்கி மத்த ரெண்டு பேரோட பர்ஸை எடுத்துக்கறதுக்குப் பேர் தேர்தல் இல்லைங்க.

மேற்கு விமானிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2009-ல பீனிக்ஸ் ஜூரி அவங்க பக்கம் சொன்னது. 2010-ல மேல்முறையீட்டு நீதிமன்றம், புது ஒப்பந்தமே வராதப்போ பாதிப்பு உறுதியாகலை, வழக்கு சீக்கிரம் வந்துடுச்சுன்னு ரெண்டுக்கு ஒண்ணுன்னு தள்ளிடுச்சு. ஒப்பந்தம் வராம பாத்துக்கிட்டா பாதிப்பும் வராதாம். என்ன அழகான வட்டம்! அதே நீதிமன்றம் 2015-ல அந்தச் சங்கம் மேற்குக்குத் துரோகம் பண்ணினதுன்னு சொல்றதுக்குள்ள, கம்பெனியே 2013-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸோட இணைஞ்சு முடிஞ்சிருந்தது. மூணு தரப்புக்கும் சேர்த்து பட்டியல் வந்தது 2016 செப்டம்பர்ல. 2005-ல இருந்து எண்ணிப் பாருங்க, பதினோரு வருஷம்.

இதுல யாருக்கு லாபம்? கிழக்கு விமானிகள் வருஷக்கணக்கா திவால் காலத்து குறைஞ்ச சம்பளத்துலயே ஓட்டினாங்க. நம்பரைக் காப்பாத்தப் போய் சம்பளத்தைக் கோட்டை விட்டாங்க. ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிற வரைக்கும் புது ஒப்பந்தமும் இல்லை, கம்பெனிக்குச் செலவும் இல்லை.

என் கோபம் அதிகமா இருக்கிறது இங்கேதான். இணைப்பை முடிச்சுட்டு, பேப்பர்ல 'சினர்ஜி'ன்னு போட்டுட்டு, பட்டியலை நீங்களே அடிச்சு முடிவு பண்ணுங்கன்னு விட்டுட்டுப் போற நிர்வாகத்தை யாரும் கேள்வி கேக்கறதில்லை. வேற மாதிரி செய்ய முடியாதான்னா, முடியும். 2008-ல டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் அக்டோபர்ல இணைஞ்சது. கூட்டு ஒப்பந்தம் அதுக்கு முன்னாடியே தயார். நடுவர்கள் பட்டியல் டிசம்பர்லயே வந்துடுச்சு. வானம் இடிஞ்சு விழலை, விமானங்களும் பறந்துச்சு :-)

நம்ம ஊர்ல? 2007-ல ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைச்சாங்க. 2011-ல சம்பள சமத்துவம் கேட்டு ஒரு தரப்பு ஸ்ட்ரைக். 2012-ல ட்ரீம்லைனர் பயிற்சி அந்தத் தரப்புக்கும் போகுதுன்னு இன்னொரு தரப்பு ரெண்டு மாசம் ஸ்ட்ரைக். இணைச்சது கம்பெனிச் சட்டப்படி, மனுஷங்களை இல்லை.

அதனால நண்பா, 'முதல்ல வந்தவன் முதல்ல'ங்கறது தீர்வு இல்லை. பட்டியலோ, அதைப் போடற முறையோ, கையெழுத்துக்கு முன்னாடியே முடிவாகணும். அதை முடிக்காத இணைப்புக்கு அனுமதியே தரக்கூடாது. நடுவர் இறுதின்னா, தோத்தவனுக்கும் இறுதி.

டிஸ்கி: கேண்டீன்ல தலையாட்டின நாலு பேருல ரெண்டு பேர் போன செமஸ்டர்ல அமால்கமேஷன் கணக்குல முழு மார்க் வாங்கினவங்க. அதான் இவ்வளவு வருத்தம்.