பிள்ளை வாசிக்கட்டும், நாங்கள் கேட்போம்



மாலை வேளைகளில் நல்லூர்ப் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சேர்ந்து எழுதுகிறோம்.

தரம் மூன்றுப் பிள்ளை பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் சொல்லிவிடுகிறது. நடுவே ஒரு சொல்லில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டால் விழிக்கிறது. வரியின் தொடக்கத்திலிருந்து மறுபடி சொல்லிக்கொண்டு வந்துதான் அந்தச் சொல்லைப் பிடிக்கிறது. பிள்ளை வாசிக்கவில்லை, பாடமாக்கி வைத்திருக்கிறது. எழுத்துக்கூட்டுவதில்தான் தடுமாற்றம். ‘கொடி’ என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. வாயோ ககரத்தில் தொடங்கவேண்டும். பக்கத்தில் ஒருவர் இருந்து கொம்பையும் அரவையும் சேர்த்துக் காட்டினால் இந்தத் தடுமாற்றம் தீரும். ஆளில்லாவிட்டால் வருடக்கணக்கில் இழுபடும்.

நாங்களோ மூன்றாம் தரத்திலேயே புலமைப்பரிசில் ரியூசனுக்கு அனுப்பிவிடுகிறோம். வினாவை வாசித்து விளங்காத பிள்ளைக்கு மாதிரி வினாத்தாள் எதற்கு? இது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

1822இல் இதே நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கினார். பெரியபுராணத்தை வசனமாக்கிய அந்தப் பேரறிஞர், சின்னப் பிள்ளைகளுக்கென்று பாலபாடங்களையும் படிப்படியாக எழுதி அச்சிட்டார். அந்த வேலையைச் சிறிதென்று அவர் நினைக்கவில்லை.

எங்கள் வாசிகசாலைகளில் மேசையும் கதிரையும் பத்திரிகை பார்க்கும் பெரியவர்களுக்கென்றே கிடக்கின்றன. நிர்வாகத்தினரே, ஒரு மூலையில் பாய் விரித்துச் சிறுவர் புத்தகங்களை வையுங்கள். அலுமாரியில் வைத்துப் பூட்டவேண்டாம், கிழிந்தால் ஒட்டலாம். திருவிழாக் கடையில் விளையாட்டுச் சாமான் வாங்கும்போது ஒரு கதைப்புத்தகமும் வாங்குங்கள். வீட்டில் அம்மம்மாவுக்குக் கண் மங்கலென்றாலும் காது இருக்கிறது. இரவில் பிள்ளை அவருக்கு ஒரு கதை வாசித்துக் காட்டட்டும். பிழை விட்டால் உடனே மறிக்காதீர்கள். வசனம் முடிந்தபின் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் போகலாம்.

எங்களுக்கு இன்னும் ஆட்கள் வேண்டும். ஒருவர் இரண்டு பிள்ளைகளுக்குமேல் பார்த்தால் காது கொடுத்துக் கேட்க முடிவதில்லை. நீங்கள் ஆசிரியராக இருந்திருக்கவேண்டியதில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும், பொறுமை இருந்தால் மிக நல்லது. கிழமையில் ஒரு மாலை, அரை மணித்தியாலம் தாருங்கள். இந்தக் கிழமையே உங்கள் ஒழுங்கைக்குக் கிட்டவுள்ள வாசிகசாலைக்குப் போய்ப் பெயரைக் கொடுங்கள்.